முப்பது நாள் விசாவும் முப்பது நாள் நோட்டீஸும்

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூருக்கு வெளிநாட்டு மாப்பிள்ளையும் வெளிநாட்டு மருமகளும் புதிதில்லை. இதே வானூர் வட்டாரத்தில்தான் 1968இல் ஆரோவில் எழுந்தது. பக்கத்துப் புதுச்சேரியிலோ 1962இல் இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் ஏராளம். வருகிறவர்கள் கையில் நாள்தான் இருப்பதில்லை. பதினைந்து நாள் லீவு, முப்பது நாள் விசா. அதற்குள் கல்யாணமும் முடிந்து, பதிவுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட வேண்டும் என்கிறார்கள்.

விசாவே இல்லாமல் இந்தியாவுக்குள் வர நேபாள, பூட்டான் குடிமக்களால் முடியும். மாலத்தீவினருக்கும் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை அந்தச் சலுகை உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள். அப்படி வந்தவர் இங்கே திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தில் தடையில்லை. இடிப்பது நாள்கணக்குதான்.

மணமக்கள் இருவரும் இந்துக்கள் என்றால் வேலை சுலபம். மலேசியத் தமிழ்ப் பையனுக்கும் கிளியனூர்ப் பெண்ணுக்கும் மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்கும் வேலை அதில் கிடையாது. இங்கே பார்க்கப்படுவது பாஸ்போர்ட் அல்ல, மதம். பெண் இந்து, மாப்பிள்ளை பிரெஞ்சுக் கிறிஸ்தவர் என்றால் அதே கோயிலில் அதே ஐயர் நடத்தி வைத்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அது செல்லாது. 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. போட்டோவும் வீடியோவும் எத்தனை இருந்தாலும் இதை மாற்றாது.

மதம் வேறானவர்கள் பலருக்கும் வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஊர்க்காரர்கள் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். முப்பது நாள் வசிப்பு, முப்பது நாள் நோட்டீஸ் என்று இரண்டு முப்பது இருப்பதால், வெளிநாட்டுக்காரர் இரண்டு மாதம் இங்கேயே உட்கார வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இருவரில் ஒருவர் திருமண அலுவலரின் எல்லையில் முப்பது நாள் வசித்திருந்தால் போதும். பிறந்ததிலிருந்து கிளியனூரில் இருக்கும் பெண்ணுக்கு அது எப்போதோ முடிந்த கணக்கு. நோட்டீஸ் படிவத்தில் இருவரின் வயது, தொழில், முகவரியோடு, ஏற்கெனவே மணமானவரா, விவாகரத்து பெற்றவரா என்ற விவரமும் கேட்பார்கள். இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைப்பார்கள். முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம்.

நோட்டீஸுக்குக் கெடு நாளும் உண்டு: கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம். பொங்கலுக்கு வந்து ஜனவரி 10இல் நோட்டீஸ் கொடுத்தவர், ஊருக்குப் போய்விட்டு, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு முறை வந்து திருமணத்தை முடிக்கலாம். ஒரே நீண்ட பயணத்தைவிட இரண்டு குட்டிப் பயணம் மேல் என்பது என் கருத்து. டிக்கெட் செலவு கூடும்தான்.

‘முதலில் கோயிலில் முடிப்போம், பிறகு சிறப்புச் சட்டத்தில் பதிந்துகொள்வோம்’ என்று யோசனை சொல்பவர்கள் அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படிக்காதவர்கள். ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிய, இருவருமே அந்த எல்லையில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தனியாக முப்பது நாள் அறிவிப்பு. குறுக்கு வழி என்று நினைத்துப் போனால் விசா முடிந்து நிற்பார்கள்.

இந்த நாள்கணக்கில் சிக்கிய ஒரு வழக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. கன்னியாகுமரிப் பெண், அமெரிக்காவில் வசிக்கும் மாப்பிள்ளை. மணவாளக்குறிச்சி சார்பதிவாளரிடம் மே மாதம் விண்ணப்பித்து, முப்பது நாள் கழித்து இருவரும் நேரில் போயும் திருமணம் நடக்கவில்லை. அவர் அமெரிக்கா திரும்பிவிட்டார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், திருமணம் எந்த முறையில் நடக்கலாம் என்பதை மணமக்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற 12ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொளி வழியாக நடத்திவைக்க உத்தரவிட்டார். பெண்ணே இருவருக்காகவும் பதிவேட்டில் கையெழுத்திடலாம் என்றார். இதைக் காட்டி எல்லா அலுவலகத்திலும் வாட்ஸ்அப் கல்யாணம் கேட்க முடியாது. நீதிமன்றப் படி ஏறி வாங்கிய நிவாரணம் அது.

வெளிநாட்டவர் தரப்பில் இன்றியமையாத தாள், அவர் வேறு யாரையும் மணந்திருக்கவில்லை என்று அவர் நாடோ தூதரகமோ தரும் சான்று. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு இது இன்னும் கறார். துணைத் தூதரகம் தானும் ஓர் அறிவிப்பு ஒட்டும். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசும். இந்தச் சான்று இல்லாமல் இங்கே தாலி ஏறினாலும், பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும்போது இழுபறியாகும். மனைவிக்கான விசாவும் அதோடு தொங்கும். நோட்டீஸுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பெண் வீட்டார் மறந்துபோவது ஒன்று உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கினால், லாட்ஜ் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். முன்பு சி படிவம் எனப்பட்ட இது ஆரோவில் பக்கத்து விருந்தினர் இல்லங்களுக்கெல்லாம் அத்துபடி. வருங்கால மருமகன்தானே என்று இருந்துவிட்டால், பிறகு விசா மாற்றக் கேட்கும்போது அதுவே கேள்வியாகும். திருமணத்துக்குப் பின் இங்கேயே தங்க விரும்புகிறவர், விசா முடிவதற்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் நுழைவு விசாவுக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு, பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமைக்கு ஏழு ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும்.

மறுபக்கம், நம்மவர் விசா இல்லாமல் போய் மணமுடிக்கும் நாடு மலேசியா. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. முஸ்லிம் அல்லாதோர் திருமணத்துக்கு அங்கே ஏழு நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் ஒட்டியிருக்க வேண்டும். கூட்டினால் 28. முடிவில் ஒரு சனி, ஞாயிறோ பொது விடுமுறையோ குறுக்கிட்டால் மிச்சமிருக்கும் இரண்டு நாளும் போய்விடும். மணமாகாதவர் என்ற சான்றை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போகாமல், கோலாலம்பூரில் இறங்கிய பிறகு தேடுகிறவர்களுக்கு அந்தத் தவணை போதாது.