தன் குரலைத் தானே கேட்டால் நாக்கு ஏன் குழறுகிறது?

தக்கலையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பு மாணவி. பள்ளிக்காகப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி ஒரு சிறு படம் எடுத்திருந்தாள். படத்துக்கான வருணனையைக் கணிப்பொறியில் பேசிப் பதிய வேண்டியதுதான் பாக்கி. தன் குரலைக் கேட்டுக்கொண்டே பேசினால் பிழை உடனே தெரியும் என்று எண்ணி, கம்பியில்லாத இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே பேச்சு இழுத்தது. சில எழுத்துகள் நீண்டன. சில இரண்டு முறை வந்தன. உடனிருந்த தோழியர் சிரித்துவிட்டார்கள். நம் ஊர்ப் பேச்சு மைக்குக்கு ஒத்துவராது என்று ஒருத்தி சொல்லவும் செய்தாளாம்.

"ஒரு வரி ஒழுங்கா வரமாட்டேங்கு மாமா. வேற யாரையாவது பேசச் சொல்லிரட்டா?" என்று முகம் வாடி வந்து நின்றாள்.

குறை அவள் நாக்கிலும் இல்லை, நாஞ்சில் நாட்டுப் பேச்சிலும் இல்லை. அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் இருந்தது.

பேசுவது வாயின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் காதும் அதில் பங்கு பெறுகிறது. வாயிலிருந்து புறப்படும் ஒலி காதுக்குத் திரும்பி வருவதை மூளை ஓயாமல் கவனித்து, அதற்கேற்பக் குரலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நிற்கும்போது யாரும் சொல்லாமலே நாம் உரக்கப் பேசுகிறோம் அல்லவா? இந்த இயல்பை 1911-இல் விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார். பழைய கம்பித் தொலைபேசியிலும் இதற்கு இடம் இருந்தது. பேசுபவரின் குரலில் சிறு பகுதியை அவர் காதுக்கே அது திருப்பி அனுப்பும். அது அளவுக்கு மீறினால் பேசுபவர் குரலைத் தாழ்த்திவிடுவார், குறைந்தால் கத்துவார்.

திரும்பி வரும் அந்த ஒலி காலம் தாழ்த்தி வந்தால் என்ன ஆகும்? 1950-இல் பெர்னார்டு லீ என்ற அமெரிக்கர் இதை ஆராய்ந்து எழுதினார். பேசுபவரின் குரலை ஒலிநாடாவில் பதித்து, சற்றே தாமதமாக அவர் காதுக்கே கொடுத்தபோது நன்றாகப் பேசுபவர்களும் திக்கினார்கள். தாமதம் ஏறக்குறைய 200 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும்போது குழப்பம் மிகுதி. அது ஓர் அசையை உச்சரிக்க ஆகும் நேரத்தை ஒட்டியது. வாய் அடுத்த அசைக்குப் போய்விட, காதோ முந்தைய அசையைக் கேட்கிறது. விந்தை என்னவென்றால், இயல்பாகவே திக்குவாய் உள்ளவர்களில் சிலருக்கு இதே தாமத ஒலி பேச்சைச் சீராக்க உதவுகிறது. 2012-இல் ஜப்பானியர் இருவருக்குச் சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது, இதே முறையால் எதிரில் பேசுபவரின் வாயை அடைக்கும் ஒரு கருவிக்காக.

வானொலிக்காரர்களுக்கு இது பழைய செய்தி. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில் தொடங்கியபோது எங்கும் ஒலிநாடாக் காலம். பெரிய பதிவுக் கருவிகளில் பதியும் முனையும் பதிந்ததைக் கேட்கும் முனையும் தனித்தனியே இருக்கும். நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடி, முனைகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர் இருந்தால், தாமதம் ஏறத்தாழ 210 மில்லி விநாடி! ஆகையால் நாடாவிலிருந்து வருவதைப் பொறியாளர் கேட்கலாம். பேசுபவர் காதுக்கு ஒலிவாங்கியிலிருந்து நேரே வருவதைத்தான் கொடுக்க வேண்டும்.

கணிப்பொறியில் நாடா ஏது? தாமதம் வேறு வழியில் வருகிறது. ஒலியைக் கணிப்பொறி விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் எண்ணையும் உடனுக்குடன் அனுப்புவதில்லை. ஆள் நிரம்பினால்தான் புறப்படும் வேனைப் போல, ஒரு தொகுதி சேர்ந்த பிறகே அனுப்பும். தொகுதிக்கு 1,024 எண்கள் என்றால் அது நிரம்ப 21 மில்லி விநாடி ஆகும். வரும்போது ஒரு வேன், போகும்போது ஒரு வேன் என்று தாமதம் 40-ஐத் தாண்டிவிடும். 64 எண்கள் போதும் என்று அமைத்தால் ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல்தான். ஆனால் சிறு வேன் பல நடை ஓட வேண்டுமே. கணிப்பொறி திணறினால் பதிவில் படபட என்று வெடிப்பொலி விழும். கம்பியில்லாத இயர்போனோ ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதால் மேலும் 100, 200 மில்லி விநாடி கூட்டிவிடக்கூடும். லீ கண்ட அந்த இக்கட்டான இடத்திலேயே எங்கள் பெண் மாட்டிக்கொண்டாள்.

தாமதம் மிகச் சிறிதானாலும் ஒரு தொல்லை உண்டு. இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்" என்று முனகிப் பாருங்கள். ஒலி பெருகிக் கேட்கும். நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவியை அடைகிறது. இரண்டு வழிகளும் ஏறக்குறைய சம வலிமை உள்ளவை என்று 1949-இல் காட்டியவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கியோர்கு வான் பெக்கேசி. எலும்பு வழி வரும் குரலோடு ஒரு மில்லி விநாடி பிந்திய குரல் கலந்தால், விநாடிக்கு 500 அதிர்வுகள் உள்ள பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குடத்துக்குள் பேசியது போல ஒலிக்கும். அதைச் சரிசெய்வதாக எண்ணிக் குரலை மாற்றினால் பதிவு கெடும். பதிவில் நம் குரல் மெலிந்து கேட்பதும் எலும்பின் பங்கு அதில் இல்லாததால்தான். மற்றவர்கள் என்றும் கேட்கும் குரல் அதுவே; அதைத் திருத்தப் புகுவது வீண்வேலை.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னது இவ்வளவுதான்: கம்பியுள்ள ஹெட்போனை மாட்டு. மைக்கை இணைக்கும் பெட்டியில் குரலை நேரே காதுக்குக் கொடுக்கும் வசதி இருந்தால் அதைத் திருகி வைத்துக்கொண்டு, கணிப்பொறி வழியே வரும் குரலை நிறுத்திவிடு. இரண்டும் சேர்ந்து வந்தால் பழைய கதைதான். பெட்டி இல்லையா, எதுவும் கேட்காமலே பேசிவிட்டு, பிறகு போட்டுக் கேள். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டால் பேச்சு இயல்பாக வரும். ஒலிபெருக்கி மட்டும் ஓடக்கூடாது. அதன் ஒலி மைக்குக்குள் புகுந்து ஊளையிடும்.

அவளிடம் பெட்டி இல்லை. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் குரல் வராமலே பேசினாள். அன்று மாலையே வேலை முடிந்தது. கேட்டுப் பார்த்தபோது ஓரிடத்தில் அரண்மனை என்று எழுதி வைத்திருந்ததை வாய் தவறிக் கொட்டாரம் என்று ஊர் வழக்கில் சொல்லியிருந்தாள். வெட்டிவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.