தொம்பையும் வீட்டுத் தையலும்

திருக்கழுக்குன்றம் போன்ற தலங்களில் தேர் உலா வருங்கால் அதன் மரச் சிற்பங்களை வியந்து நோக்குகிறோம். மேலே காற்றில் அசையும் துணி அலங்காரங்களை யார் தைத்தனர் என்று எண்ணுவதில்லை. குழாய் வடிவில் நீண்டு தொங்கும் அவ்வலங்காரமே தொம்பை எனப்படுவது. அதில் காணும் பூவும் கொடியும் பெரும்பாலும் வண்ணந்தீட்டியவை அல்ல. வேறு நிறத் துணியில் வெட்டி, அடித்துணியின்மேல் வைத்துத் தைத்தவை. தஞ்சை, கும்பகோணம் வட்டாரங்களில் இத்தொழில் வழிவழியாக நடந்து வருகிறது. ஒடிசாவில் பூரிக்கு அருகிலுள்ள பிபிலி என்னும் ஊரும் இத்தகைய தையலுக்குப் புகழ் பெற்றது.

சிறிய தொம்பை ஒன்றை வீட்டு வாயிலுக்கு நாமே தைக்கலாம். அதற்குக் கணக்கு வேண்டும். 7 அங்குல விட்டமுள்ள மூங்கில் வளையத்தின் சுற்றளவு, 22/7 என்னும் வாய்பாட்டின்படி 22 அங்குலம். இரு ஓரங்களையும் இணைத்துத் தைக்க அரை அரை அங்குலம் கூட்டினால், வேண்டிய துணியின் அகலம் 23 அங்குலம் ஆகும்.

புதிய பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும். சில நிறங்கள் கசியும். ஆதலின் வெட்டுமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே நனைத்து உலர்த்துதல் வேண்டும். இதனைச் செய்யாவிடில், முதல் சலவையிலேயே சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கலாம். பூக்கள் சுருங்கி அடித்துணியை இழுக்கலாம். பல நாள் உழைப்பு ஒரு வாளி நீரில் வீணாகும்.

வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். ஆகவே கால் அங்குலம் உள்மடித்துத் தைக்க வேண்டும். வெளிப்புறம் வளைந்த இதழில் மடிப்பின் விளிம்பு நீளமாதலால், மடிக்கும்போது துணி மிகுந்து சுருக்கம் விழும். அங்கே சிறு முக்கோணங்களை வெட்டி நீக்குக. உட்புறம் வளைந்த இடத்தில் விளிம்பு குறுகியது. அங்கே சிறு கீறல்கள் இட்டால் அது விரிந்து படியும். வெட்டு, தையற்கோட்டை எட்டலாகாது.

அச்சிட்ட துணி இன்று மலிவாகக் கிடைக்கிறது. கைத்தையலின் உழைப்பை அறியாதவர் இரண்டையும் ஒன்றெனக் கருதி மலிவானதையே வாங்குவர். தையற்கலைஞரின் ஊசிக்கு வேலை குறையும். ஓர் இதழையேனும் தன் கையால் மடித்துத் தைத்தவர், தொம்பையின் விலையைக் கேட்கும்போது அதிலுள்ள உழைப்பையும் சேர்த்தே எண்ணுவார்.