எண்பது கிலோமீட்டரும் முப்பத்துநான்கு பல்லும்

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்குபவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸையோ டாக்ஸியையோ பிடிக்க வெளியே விரைவார்கள். சைக்கிளைப் பிரேக் வேனில் புக் செய்து கொண்டுவந்தவர் மட்டும் ரயிலின் கோடிக்கு ஓடுவார். அவருக்கு உடனே பார்த்தாக வேண்டியது ஒன்று இருக்கிறது. பின்சக்கரத்தின் வலப்பக்கம் தொங்கும் கியர் கையும், அதைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டும் வளையாமல் வந்து சேர்ந்தனவா என்பதுதான் அது. மேலே யாராவது ஒரு மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தாலே போதும், அந்தத் துண்டு நாலைந்து டிகிரி கோணிவிடும். சமவெளியில் அது தெரியாது. மலையில் தெரியும்போது சரிசெய்யக் கடை இருக்காது.

கொடைரோடு என்ற பெயரே மலைக்குப் போகிறவர்களுக்காக வந்தது. திருச்சியையும் மதுரையையும் இணைக்கும் ரயில்பாதை 1875இல் வந்தபோது, அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டுவண்டி பிடித்து, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோ ஏறுவது துரைமார்களின் வழக்கம். பிறகு வந்தது, மேஜர் லா என்பவர் பெயரால் வழங்கும் மலைச்சாலை. இன்றைய வழி நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, காட்ரோடு, வாழைகிரி, பெருமாள்மலை, வெள்ளி அருவி. ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். அதில் முதல் முப்பது சொச்சம் சமவெளி. மீதியில் ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 1,750 மீட்டர். சராசரியாகப் பார்த்தால் நூறு மீட்டர் தூரத்துக்கு நான்கு மீட்டர் ஏற்றம்.

நான்கு என்றால் சிறிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இருக்காது. ஆளும் வண்டியும் தண்ணீர்ப் புட்டியுமாக 90 கிலோ என்று வையுங்கள். இதை 1,750 மீட்டர் உயர்த்த மட்டும் 15 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். டயர் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆவதைச் சேர்த்தால் இருபது லட்சத்தை நெருங்கும். மனித உடம்பு தின்றதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுசாக மிதியாக மாற்றாது. மிச்சமெல்லாம் சூடாகவும் வியர்வையாகவும் போய்விடும். ஆகவே மலையேற்றத்துக்கு மட்டும் சுமார் 2,000 கிலோ கலோரி வேண்டும். இட்லிக்கு 50 என்று வைத்தால் நாற்பது இட்லி. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதால், ஒன்றும் தின்னாமல் ஏறுகிறவர் பெருமாள்மலைக்கு முன்னாலேயே கண் இருண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவார். இந்த வகையில் நம் வட்டாரம் அதிர்ஷ்டம் செய்தது. புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் விளையும் மாவட்டம் இது. பளபளக்கும் காகிதத்தில் சுற்றி விற்கும் சத்துக்கட்டிகளைவிட, சட்டைப் பையில் நாலு மலைவாழைப்பழம் மேல் என்பது என் கட்சி.

ஆனால் ஆற்றல் இருந்தால் மட்டும் ஏறிவிட முடியாது. அதை எந்த விகிதத்தில் செலவழிக்கிறோம் என்பதில்தான் கியர் உள்ளே வருகிறது.

நம் ஊர்களில் பால்காரரும் டீ வியாபாரியும் ஓட்டும் கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் செய்த வண்டிகளும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோவும் இந்த இனம்தான். 28 அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக், முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரித்த இலவச சைக்கிளும் கியர் இல்லாததுதான். நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வர அது போதும். சமவெளிக்கு அந்த ஐந்தரை மீட்டர் நல்ல அளவு.

அதே வண்டியைக் காட்ரோட்டைத் தாண்டி மேலே ஏற்றினால் கதை வேறு. நான்கு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் போக சுமார் 100 வாட் வேண்டும். பழக்கமுள்ள சாதாரண உடம்பால் பல மணிநேரம் தரக்கூடிய அளவுதான் அது. கறுப்பு சைக்கிளில் அந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு 25 சுற்றுக்குமேல் மிதி விழாது. மிதியில் சராசரியாக 23 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தொடர்ந்து இருந்தாக வேண்டும். அதுவும் சராசரிதான். கால் கீழிறங்கும் தருணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். மிதி உச்சியிலும் அடியிலும் நிற்கும் இடங்களில் ஒன்றுமே இருக்காது. முழங்கால் ஐந்து மணிநேரம் இதைத் தாங்காது. இப்போது முன்னால் 34 பல், பின்னால் 34 பல் போட்ட வண்டியில் அதே ஆள், அதே வேகம். ஒரு சுற்றுக்கு இரண்டே கால் மீட்டரைக்கூடத் தொடாது. நிமிஷத்துக்கு 62 சுற்று. மிதியில் சராசரி 9 கிலோ. செய்யும் வேலை ஒன்றுதான், வாட் கணக்கும் மாறவில்லை. ஒரு மூட்டை அரிசியை ஒரே தூக்கில் மாடிக்கு ஏற்றுவதற்கும் ஐந்தைந்து கிலோவாகப் பிரித்து ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கியர் பலத்தைக் கூட்டித் தராது. இருக்கிற பலத்தைச் சில்லறையாக மாற்றித் தரும்.

இதைப் பெரிய மனிதர்களே ஒப்புக்கொள்ள முப்பது நாற்பது வருஷம் பிடித்தது. பிரான்சில் செயின்ட் எட்டியன் ஊரைச் சேர்ந்த பால் தெ விவி என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில் பத்திரிகை நடத்தி, மலைக்குப் போகிறவனுக்குப் பல கியர் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். 1902இல் பிரான்சில் நடந்த ஒரு மலைப் போட்டியில் மார்த் ஹெஸ் என்ற பெண் மூன்று கியர் வண்டியில் எங்கும் கால் ஊன்றாமல் ஏறி, ஒற்றைக் கியரில் வந்த தேர்ந்த பந்தயவீரரைப் பின்னுக்குத் தள்ளினார் என்பது சைக்கிள்காரர்கள் இன்றும் சொல்லி மகிழும் கதை. ஆனால் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்றி தெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே ஆகாது. அது வயசானவர்களுக்கான சமாசாரம் என்பது அவர் எண்ணம். 1937 வரை அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு இடமே இல்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். நம்மூரிலும் ஒற்றைக் கியரில் கொடைக்கானல் ஏறினேன் என்று மார்தட்டுகிறவர் உண்டு. வணக்கம் சொல்லலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

கியர் மாற்றும் அந்தக் கருவி பார்வைக்கு அற்பமானது. பின்சக்கர அச்சில் ஏழு முதல் பன்னிரண்டு வரை பல்சக்கரங்கள் அளவு வரிசையில் அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்குக் கேசட் என்று பெயர். அதற்குக் கீழே தொங்கும் கையை ஓட்டுகிறவர்கள் ஆர்.டி. என்பார்கள். அதில் இரண்டு குட்டிச் சக்கரங்கள். மேலே உள்ளது செயினைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்சக்கரத்தில் ஏற்றும். கீழே உள்ளது ஸ்பிரிங் வலுவால் பின்னுக்கு இழுத்து, சின்னப் பல்லுக்கு மாறும்போது மிஞ்சும் செயின் தொங்காமல் பார்த்துக்கொள்ளும். ஹேண்டில்பாரில் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கேபிள் சில மில்லிமீட்டர் நகரும்; ஆர்.டி. சரியாக ஒரு பல்சக்கரத்தின் தூரம் நகரும். மிதித்துக்கொண்டே இருக்கும்போதுதான் கியர் மாறும் என்பதால், ஏற்றத்துக்குள் நுழையுமுன் மாற்றிவிடவேண்டும். முழு அழுத்தத்தோடு மாற்றினால் கடகடவென்று சத்தம் போட்டு, செயின் கழன்றோ அறுந்தோ போகும்.

ஆர்.டி.யின் உள்பக்கப் பயணத்துக்கு எல்லை வைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அந்த எல்லை தவறியிருந்தாலோ, ரயிலில் அந்த அலுமினியத் துண்டு உள்நோக்கி வளைந்திருந்தாலோ, மிகப் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கை போக்ஸ் கம்பிக்குள் சிக்கிவிடும். கம்பி தெறிக்கும், கை முறியும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். மிகப் பெரிய பல்லுக்கு யாரும் சமவெளியில் போவதில்லை. கொண்டை ஊசி வளைவில் மூச்சு முட்டும்போதுதான் போவார்கள். அதனால்தான் பிளாட்பாரத்திலேயே பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து, எல்லாக் கியரையும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது.

சைக்கிள் பிரியர்கள் கூடும் இடத்தில் அதிகம் அடிபடும் பேச்சு எடை. கார்பன் சட்டம், எட்டு கிலோ, ஏழரை கிலோ. பத்துக் கிலோ வண்டியை விற்று எட்டுக் கிலோ வண்டி வாங்கினால் இந்த மலையில் என்ன மிஞ்சும்? தொண்ணூறு எண்பத்தெட்டாகும், நூற்றுக்கு இரண்டு சொச்சம் லாபம். ஐந்தரை மணிநேர ஏற்றத்தில் ஏழு நிமிஷம். அதற்குக் கொடுக்கும் விலை பல பத்தாயிரங்கள். தொப்பையில் இரண்டு கிலோ குறைத்தாலும் அதே ஏழு நிமிஷம். பந்தயக்காரருக்கு ஏழு நிமிஷம் உயிர்; நமக்கு ஒரு டீ. வேடிக்கை என்னவென்றால், மிக உயர்ந்த பழைய பந்தய வண்டிகளில் மிகச் சின்ன கியரே முன்னால் 39, பின்னால் 25 என்றுதான் இருக்கும். இந்த மலையில் அதில் நிமிஷத்துக்கு 41 சுற்று. டவுன் கடைகளில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் 21 கியர் ஹைப்ரிட் வண்டிகளில் முன்னால் 24, பின்னால் 28 கிடைக்கும், 72 சுற்று. வாழைகிரிக்குமேல் எந்த வண்டி நிற்காமல் போகும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. பணம் இருக்கிறவர் வண்டியை மாற்றட்டும். இல்லாதவர் கேசட்டை மாற்றினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: 34 பல்லைத் தாங்குமளவு நீளக் கை உள்ள ஆர்.டி.யா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றவேண்டும்.

சமவெளியில் எதிரி வேறு. கொடைரோட்டிலிருந்து வத்தலக்குண்டு மேற்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நேர் முகத்தில் வாங்கவேண்டிய பாதை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கில் ஏறும்; அதைச் சமாளிக்கும் வாட் கணக்கோ மும்மடிப்பெருக்கில் ஏறும். 20இல் போகிறவர் 25இல் போக நினைத்தால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கவேண்டும். கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போய், முன்னால் நிற்பவரை முறைவைத்து மாற்றிக்கொள்வது இதற்காகத்தான். நாவலாசிரியர் ராஜம் ஐயர் பிறந்த வத்தலக்குண்டு வரை இந்த வித்தை உதவும். மலையில் வேகம் எட்டுக்கு விழுந்ததும் காற்றுக்கு வேலையே இல்லை. அங்கே அவரவர் கால்தான்.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கென்றே ஒரு மரபு உண்டு. 200, 300, 400, 600 கிலோமீட்டர் தூரங்களை முறையே பதிமூன்றரை, 20, 27, 40 மணிநேரத்துக்குள் முடிக்கவேண்டும். முதலாவது வந்தவருக்கும் கடைசி ஆளுக்கும் மரியாதை ஒன்றே. இவற்றை இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா முறைப்படுத்துகிறது. சென்னையில் மெட்ராஸ் ரான்டனர்ஸ் நடத்துகிறார்கள். இந்தத் தூரங்களை முடித்தவர்கள் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்துக்குப் போவார்கள். அது 1891இல் தொடங்கியது. மலையில் ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு 2008 முதல் டூர் ஆஃப் நீல்கிரீஸ் இருக்கிறது.

மேலே போனால் குளிரும் மெல்லிய காற்றும். கொடைரோட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறையும். 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கால் கொஞ்சம் தளரும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்படவேண்டியது இறக்கத்தில்தான். ஏற்றிச் சேர்த்த அந்த 15 லட்சம் ஜூலையும் எங்காவது கரைத்தாகவேண்டும். கரைப்பவை மூன்று: டயர், காற்று, பிரேக். சராசரி நான்கு சதவீத இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பிரேக்கைத் தொடாமல் விட்டால் வேகம் மணிக்கு 35 பக்கம் போய் நின்றுவிடும், காற்றே பிடித்துக்கொள்ளும். குனிந்தால் 45. செங்குத்தான துண்டுகளில் இதைவிட அதிகம். ஆகவே மார்பை நிமிர்த்துவதும் ஒரு பிரேக். பயத்தில் மணிக்கு 20இல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிறவருடைய ரிம்தான் அதிகம் சுடும். காற்று எடுத்துக்கொள்ளவேண்டிய பங்கையும் பிரேக் ரப்பரே வாங்குகிறது. சூடு ரிம்மிலிருந்து ட்யூபுக்கு இறங்கினால் காற்று விரிந்து டயர் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டு, நேர்ப்பாதையில் ரிம்மை ஆறவிடுவது முறை. டிஸ்க் பிரேக்கில் சூடு டயருக்கு எட்டாமல் தனித் தட்டில் தங்கும். மலைக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன், எடை கொஞ்சம் கூடினாலும். குரோம் பூசிய எஃகு ரிம்மும் கம்பிப் பிரேக்கும் உள்ள பழைய வண்டி நனைந்தால் பாதிப் பிடிப்புக்கூட மிஞ்சாது. கொடைக்கானலில் மழைக்கு மாதம் பார்க்க முடியாது. அப்படியொரு வண்டியில் ஏறியவர் இறங்கும்போது அதை பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு உள்ளே ஜன்னலோரம் உட்காரலாம்.