டி.என்.ஏ. சோதனை: கேட்டவுடன் கிடைக்குமா?

குழந்தைக்குத் தந்தை யார் என்று வழக்கு வந்தால், 'ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்' என்கிறோம். தெரிந்துவிடும்தான். ஆனால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருப்பவர் அதற்காகக் குடும்ப நீதிமன்றப் படியேறினால், அங்கே கேட்கும் முதல் கேள்வி வேறு: இந்தச் சோதனை தேவைதானா?

சோதனை எப்படி நடக்கிறது?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அல்லது கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். குழந்தையின் மரபணுவில் பாதி தாய் தந்தது, பாதி தந்தை தந்தது. மரபணுவில் குறிப்பிட்ட சில இடங்களைப் பார்த்து, தாயிடமிருந்து வந்ததை ஒதுக்கிவிட்டு, மீதியை அந்த ஆணின் மாதிரியோடு ஒப்பிடுவார்கள். பல இடங்களில் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் தந்தை அல்ல. ஒத்துப்போனால், 99.9 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு என்று அறிக்கை வரும்.

மாஹேக்குப் பக்கத்தில் உள்ள தலச்சேரியில், ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.) தந்த இத்தகைய அறிக்கையை 1991-இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது. மூத்த அரசியல்வாதி என்.டி. திவாரி, தன்மேல் வழக்குத் தொடர்ந்தவரின் தந்தைதான் என்பதும் 2012-இல் இப்படித்தான் உறுதியானது.

நீதிமன்றம் ஏன் தயங்குகிறது?

திருமண பந்தம் நீடிக்கும்போதோ, அது முறிந்த 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறந்த குழந்தை, அந்தக் கணவரின் குழந்தை என்பதே சட்டத்தின் முடிவு. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கரு உண்டான காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் இது உடையும். வெறும் சந்தேகம் போதாது. குழந்தைமேல் ஊர்ப்பேச்சு விழக் கூடாது என்பதே காரணம். 2025 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

மணமாகாத பெற்றோரின் குழந்தைக்கு இந்தத் தடை இல்லை. ஜீவனாம்சம் கேட்கும்போது, தகுந்த முகாந்திரம் இருந்தால் சோதனைக்கு உத்தரவு கிடைக்கலாம். உத்தரவுக்குப் பின்னும் ஒருவர் மாதிரி தர மறுத்தால், அந்த மறுப்பையே நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

தனியார் டி.என்.ஏ. கிட் வாங்கலாமா?

வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும்போது, அது யாருடையது என்பதற்கே சாட்சி இல்லாததால், அந்த முடிவு வழக்கில் நிற்பது கடினம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பிரான்சில் வாழும் சொந்தக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நீதிமன்ற உத்தரவில்லாத தந்தைமைச் சோதனையே குற்றம். 3,750 யூரோ வரை அபராதம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்.