பிடித்த பணம் எங்கே போகிறது?



பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவன் நான். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் படிவங்கள் ஆகியவைதாம் என் உலகம். "சட்டப்படி எல்லாம் சரி" என்று கையெழுத்திட்டால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு 2016 ஏப்ரல் 18 அன்று உடைந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதுவரை, வேலையை விட்டு இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். புதிய ஆணையோ, முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாது என்றது. நான் அதை ஆங்கிலத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்த பெண்களில் அதைப் படிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கவே இல்லை.

விஷயம் வெளியே பரவியபோது ஓசூர் சாலையில், பொம்மனஹள்ளிப் பக்கம், ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கினார்கள். மறுநாள் பீண்யா, ஜாலஹள்ளிப் பகுதிகளிலும் போராட்டம் மூண்டது. பேருந்துகள் எரிந்தன, தடியடி நடந்தது. 19-ஆம் தேதியே மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, ஆணை திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

வேலைக்குத் திரும்பிய நாளன்று, தர்மபுரிப் பக்கத்து அம்மா ஒருவர் என் மேஜைக்கு வந்தார். "சார், பொண்ணு படிப்புக்குன்னு நம்பியிருந்த காசு. ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து சம்பள நாளன்று உணவு இடைவேளையில் அரை மணி நேரம் பேசத் தொடங்கினேன். அப்போது சொன்னவற்றில் முக்கியமானவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் கணக்கு. பி.எஃப். பிடிப்பதற்குரிய சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளியும் அதே அளவு தர வேண்டும். அவர் பங்கில் 8.33 சதவீதம், ஏறத்தாழ 1,000 ரூபாய், ஓய்வூதியக் கணக்கிற்குப் போகும். மீதி 440 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிர்வாகம் இதைக் கட்டியாக வேண்டும். உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. எனவே சம்பளச் சீட்டோடு நின்றுவிடாமல், உமாங் செயலியில் பாஸ்புக்கையும் பாருங்கள்.

இரண்டாவது, பெயர். நம்மவர்களுக்கு இதில்தான் பெரிய சிக்கல். ஆதாரில் "செல்வி முருகன்", தொழிற்சாலைப் பதிவில் "எம். செல்வி", திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்து. மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பணம் கேட்கும் நாளில் விண்ணப்பம் திரும்பி வரும். வேலையில் சேரும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரும் பிறந்த தேதியும் எழுதச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம். அதை வாங்கியதும் பெயரைச் சரிபாருங்கள்.

மூன்றாவது, கணக்கு எண். 2014-இல் வந்த யு.ஏ.என். எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறினால் பழைய எண்ணையே கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுச் சேவை நிறைந்தால்தான் மாதாந்திர ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஒவ்வொரு முறையும் பணத்தை முழுவதும் எடுத்துவிட்டால், சேவைக் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பணம் எடுக்கும் விதிகள் அவ்வப்போது மாறுபவை. 2025 அக்டோபரிலும் மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. ஆகவே ராஜினாமா எழுதுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, வாரிசு நியமனம். திருமணத்துக்கு முன் எழுதிய நியமனம், திருமணம் ஆனதும் செல்லாது. புதிதாக எழுத வேண்டும்.

இறுதியாக, என்னைப் போலப் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கும் தமிழன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் ஒட்டினால் படிவம் நிறைவேறும். புரிந்துகொண்டால்தான் சட்டம் நிறைவேறும். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று யாருக்கு எது தெரியுமோ அதில் சொல்லுங்கள். மாதம் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை அன்று நான் செலவிட்டிருந்தால், அந்த அம்மாவுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.