வென்ற கோப்பையும் விளையாடிய பிள்ளைகளும்

பள்ளிக்கூடத்து அலமாரியில் வரிசையாக நிற்கும் கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் போட்டியின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். பரிசளிப்பு விழா நெருங்கினால் யாராவது ஒரு மாணவன் துணி கொண்டு துடைத்து வைப்பான். அந்தக் கோப்பையை வென்று வந்த பிள்ளைகள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஏடுகள் நம்மிடம் குறைவு. ஆனால் அமெரிக்காவில் சில உயர்நிலைப்பள்ளிக் குழுக்களைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள், திரைப்படம் எடுத்திருக்கிறார்கள். ஆடிய பையன்கள் பின்னர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் அவற்றால் வெளியே தெரிந்தது. அப்படிப்பட்ட மூன்று குழுக்களின் கதையை இங்கே சொல்கிறேன். பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோருக்கும், அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நாம் ஆடும் காற்பந்து அன்று. அவர்களுடைய பந்து இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், எறியவும் செய்யலாம். எதிரணியினர் மேலே பாய்ந்து மடக்குவார்கள். அதனால் தலைக்கவசமும் தோளுக்குத் திண்டும் அணிவார்கள். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும்; தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளி. உயர்நிலைப்பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில், விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். சிறிய ஊர்களில் அன்றிரவு ஊரே திடலில்தான் இருக்கும்.

மூன்று பள்ளி ஒன்றானது

முதல் கதை 1971ஆம் ஆண்டில் நடந்தது. வெர்ஜினியா மாநிலத்தில், வாஷிங்டன் தலைநகருக்கு ஆற்றைத் தாண்டினால் அலெக்சாண்டிரியா நகரம். கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் தீர்ப்பு வேகமாக வரும். மனம் மெதுவாகத்தானே மாறும்?

1971இல் நகர நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. நகரில் இருந்த மூன்று உயர்நிலைப்பள்ளிகளின் கடைசி இரண்டு ஆண்டு மாணவர்களையும் டி.சி. வில்லியம்ஸ் என்ற ஒரே பள்ளியில் சேர்த்தது. அதுவரை ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடிய பையன்கள் ஒரே நாளில் ஒரே குழுவாக வேண்டியதாயிற்று. தலைமைப் பயிற்றுநர் யார் என்பதில் இன்னொரு சிக்கல். ஹாமண்ட் பள்ளியில் நெடுநாள் பயிற்சி கொடுத்து நல்ல பெயர் எடுத்த பில் யோஸ்ட் என்ற வெள்ளையருக்கே பதவி என்று பலர் எண்ணியிருந்தார்கள். பதவி ஹெர்மன் பூன் என்ற கறுப்பருக்குப் போனது. யோஸ்ட் கோபித்துக்கொண்டு விலகியிருக்கலாம். அவர் விலகவில்லை, பூனுக்குக் கீழே துணைப் பயிற்றுநராக நின்றார். பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு கிடைத்த முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளி திறப்பதற்கு முன் குழுவைக் கெட்டிஸ்பர்க் கல்லூரிக்குப் பயிற்சி முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். உள்நாட்டுப் போரின் மிகக் கடுமையான சண்டை 1863இல் நடந்த ஊர் அது. அங்கே நிறம் பார்த்துப் பிரிந்து உட்கார இடம் தரவில்லை. சேர்ந்து உண்டு, சேர்ந்து வியர்வை சிந்தித் திரும்பினார்கள். அந்தப் பருவத்தில் ஆடிய 13 ஆட்டங்களிலும் வெற்றி. மாநில இறுதியாட்டத்தில் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27–0 என்று வீழ்த்தினார்கள்.

இந்தக் கதை 2000ஆம் ஆண்டில் திரைப்படமாக வந்தது. உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். படத்தில் கெரி பெர்டியர் என்ற வெள்ளையின மாணவர் இறுதியாட்டத்துக்கு முன்பே கார் விபத்தில் சிக்குவதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் பருவம் முடிந்து, பாராட்டு விருந்தும் முடிந்த பிறகே அந்த விபத்து நேர்ந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஆனாலும் அவர் சோர்ந்து படுக்கவில்லை; சக்கர நாற்காலியில் அமர்ந்து குண்டு எறிந்தும் வட்டு எறிந்தும் பதக்கம் வென்றார். 1981இல், குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி இறந்துபோனார். அவரோடு ஆடிய ஜூலியஸ் கேம்ப்பல் என்ற கறுப்பின மாணவரோடு அவருக்கிருந்த நட்பு, விபத்துக்குப் பிறகும் கடைசிவரை நீடித்தது. கேம்ப்பல், யோஸ்ட், பூன் ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில், ஒரே ஆண்டுக்குள், காலமானார்கள். பள்ளிக்கு வைத்திருந்த பெயரோ, இனக் கலப்பை எதிர்த்த ஒரு கல்வி அதிகாரியின் பெயர். 2021இல் நகரத்தார் அதையும் மாற்றிவிட்டார்கள்.

எண்ணெய் ஊரின் பெருமை

இரண்டாவது கதை இவ்வளவு இனிப்பானதல்ல. டெக்சஸ் மாநிலத்தின் மேற்கே ஒடெஸா என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். 1986இல் எண்ணெய் விலை விழுந்தபோது வேலைகள் போயின, கடைகள் மூடப்பட்டன. ரப்பர் விலை விழுந்த காலத்தைக் கண்ட நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்த ஊரின் நிலையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை பெர்மியன் உயர்நிலைப்பள்ளிக் குழு. அதற்காக 1982இலேயே ஏறத்தாழ 19,000 பேர் அமரும் அரங்கம் கட்டியிருந்தார்கள்.

1988ஆம் ஆண்டுப் பருவத்தை பிஸிங்கர் என்ற பத்திரிகையாளர் அந்த ஊரிலேயே குடியிருந்து கவனித்து, 1990இல் புத்தகமாக எழுதினார். வெளியூர் ஆட்டங்களுக்குக் குழுவைத் தனி விமானத்தில் ஏற்றிச் செல்ல அந்தப் பருவத்தில் 70,000 டாலர் செலவானதாம். ஆட்டக்காரர்களின் மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் ஆன செலவு, அதே பள்ளியில் ஆங்கிலப் பாடப் பிரிவின் போதனைப் பொருள்களுக்கு ஒதுக்கியதைவிட அதிகமாம். ஓர் ஆசிரியனாக இந்த இடத்தைப் படிக்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

குழுவின் நட்சத்திரம் ஜேம்ஸ் மைல்ஸ். ‘பூபி’ என்று செல்லமாக அழைப்பார்கள். தந்தையின் உடன்பிறந்தவர் எடுத்து வளர்த்த பிள்ளை. பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தங்கள் குழுவில் சேர்க்கப் போட்டி போட்டன. பருவம் தொடங்குமுன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் முறுக்கிக்கொண்டது. அவ்வளவுதான். அவர் இடத்தில் இன்னொரு பையன் வந்தான்; ஊரின் கவனம் அவன் பக்கம் திரும்பியது. படிப்பில் பின்தங்கியிருந்த பூபிக்குப் பந்தைத் தவிர வேறு வழி எதையும் யாரும் காட்டியிருக்கவில்லை. அதே குழுவில் ஆடிய பிரையன் சாவேஸ் வகுப்பிலும் முதல் மாணவர். அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரே திடல், ஒரே பயிற்றுநர். ஒருவர் கையில் பந்தோடு புத்தகமும் இருந்தது என்பதுதான் வேற்றுமை.

அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றதற்கு, பயிற்றுநர் கேரி கெயின்ஸின் வீட்டு முற்றத்தில் ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பள்ளிகள் சம நிலையில் வந்தபோது, அடுத்த சுற்றுக்குப் போகும் இரண்டு எவை என்று காசு சுண்டித் தீர்மானித்தார்கள். கூட்டம் கூடிவிடக் கூடாதென்று, லாரிக்காரர்கள் தங்கும் ஒரு நெடுஞ்சாலை நிறுத்தத்தில் அது நடந்தது. ஆனாலும் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது! பதினேழு வயதுப் பிள்ளைகள் சுமக்க வேண்டிய சுமையா இது, சொல்லுங்கள்?

பெர்மியன் அரையிறுதியில் டல்லஸ் நகரத்துக் கார்ட்டர் பள்ளியிடம் 14–9 என்று தோற்றது. கார்ட்டர் வாகையும் சூடியது. ஆனால் அந்தக் குழுவின் கதையைக் கேளுங்கள். டெக்சஸில் 1984இல் ஒரு சட்டம் வந்தது: பாடத்தில் தேறாத மாணவன் ஆறு வாரம் ஆடக்கூடாது. கார்ட்டரின் ஓர் ஆட்டக்காரர் அல்ஜீப்ராவில் தேறினாரா இல்லையா என்ற வழக்கு நீதிமன்றம்வரை போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குழு ஆடிக்கொண்டிருந்தது. தேறவில்லை என்று மதிப்பெண் போட்ட ஆசிரியர் இடம் மாற்றப்பட்டார். 1989இல் கார்ட்டர் ஆட்டக்காரர்கள் சிலர் ஆயுதம் ஏந்திக் கடைகளில் கொள்ளையடித்துச் சிறைக்குப் போனார்கள். கல்லூரி உபகாரச் சம்பளம் கைக்கு வந்திருந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். 1991இல் அந்த வெற்றிப் பட்டமும் பறிக்கப்பட்டது. தப்பு செய்தாலும் யாரோ நமக்காகச் சரிக்கட்டுவார்கள் என்று ஒரு பிள்ளை பள்ளியிலேயே கற்றுக்கொண்டால், வெளியே போய் வேறெதைக் கற்பான்?

151 வெற்றிகளுக்குப் பிறகு

மூன்றாவது கதை கலிபோர்னியாவின் கன்கோர்ட் நகரத்தில். பள்ளியின் பெயர் டி லா சால். பெயரைக் கேட்டதும் பழகிய பெயராயிற்றே என்பீர்கள். ஆம், 1852இல் பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியையும், 1904இல் கோலாலம்பூரில் செயின்ட் ஜான் பள்ளியையும் தொடங்கிய அதே லா சால் சபைச் சகோதரர்களின் பள்ளிதான் அது; 1965இல் தொடங்கியது.

1979இல் பாப் லாடசர் என்ற இளைஞர் பயிற்றுநரானபோது, அந்தப் பள்ளி எந்தப் பருவத்திலும் தோல்வியைவிட வெற்றியை அதிகமாகக் கண்டதில்லை. அவர் வகுப்பறையில் சமயப் பாடமும் நடத்தினார். ஒவ்வொரு வாரமும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தாம் செய்யப்போவதை ஓர் அட்டையில் எழுத வேண்டும். அதைக் குழுவின் முன் ஒரு தோழனிடம் வாசித்துக் கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்தானா என்று அந்தத் தோழன் பார்ப்பான். ஆட்டத்துக்கு வரும்போது இருவர் இருவராகக் கைகோத்து நடந்து வருவார்கள்.

1992இலிருந்து 2003வரை அந்தப் பள்ளி தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது. அதற்கு முன்பிருந்த சாதனை மிச்சிகன் மாநிலத்து ஹட்சன் பள்ளியின் 72 வெற்றிகள்தான்.

2004 ஆகஸ்டு 12. அந்தக் குழுவில் ஆடி முடித்து, ஒரிகன் பல்கலைக்கழகத்துக்கு உபகாரச் சம்பளத்தோடு புறப்பட இரண்டே நாள் இருந்த டெரன்ஸ் கெல்லி, தம் ஊரான ரிச்மண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 18. சுட்டவனுக்கு வயது 15. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 4ஆம் தேதி, சியாட்டல் நகரத்தில் பெல்வியூ பள்ளியிடம் 39–20 என்று டி லா சால் தோற்றது. பன்னிரண்டு பருவம் கட்டிக் காத்த வெற்றித் தொடர் அன்று முடிந்தது. ஒரு தோழனைப் புதைத்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தோல்வி எம்மாத்திரம்? கெல்லியின் தந்தை மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, அதே ரிச்மண்ட் இளைஞர்களுக்கு வழிகாட்டினார். லாடசர் 2013இல் ஓய்வு பெற்றபோது 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமநிலை.

நமக்கு என்ன?

மூன்று குழுக்களும் வென்றவைதாம். ஆனால் பருவம் முடிந்த பிறகு பிள்ளைகள் கையில் மிஞ்சியது ஒன்றல்ல. அலெக்சாண்டிரியாவில் நட்பு மிஞ்சியது. ஒடெஸாவில் சிலருக்கு முழங்கால் வலி மிஞ்சியது. கன்கோர்டில் சொன்ன சொல்லைக் காக்கும் பழக்கம் மிஞ்சியது.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இரண்டு வகைப் பெற்றோரைப் பார்க்கிறேன். ‘பந்து சோறு போடுமா?’ என்று பையனைத் திடல் பக்கமே விடாதவர்கள் ஒரு வகை. பையன் மாவட்டக் குழுவில் ஆடுகிறான் என்றதும் புத்தகத்தை யாரும் திறந்து பார்க்காமல் விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையை ஆட விடுங்கள், ஆனால் அவனைப் பந்திடம் மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள்.

பயிற்றுநரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. என் மகனுடைய தேர்வுப் புள்ளிகளைப் பார்த்தீர்களா, சார்? அவனுக்குக் கால் அடிபட்டால் அடுத்த வாரம் அவனை யார் விசாரிப்பார்கள்? களத்தில் இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் பயிற்றுநர் கிடைத்தால் உங்கள் பிள்ளை பாக்கியசாலி.

முடிந்தால் ஒரு மாலையாவது வேலியோரம் நின்று அவன் ஆடுவதைப் பாருங்கள். வீடு திரும்பும் வழியில் எத்தனை கோல் என்று கேட்பதற்கு முன்னால், இன்று யாருக்குப் பந்து தள்ளிக் கொடுத்தாய் என்று கேளுங்கள்.