முதலில் டிரன்னியன், கடைசியில் பெயின்ட்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் பானெட் என்று தனியாக ஒரு மூடி கிடையாது. மூக்கு, இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பாகம் மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரத் தாங்கல் எல்லாம் வெட்டவெளியில். முன்டயர் மேல் உட்கார்ந்தபடியே ஸ்பானர் பிடிக்கலாம். பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தக் கையால் பிரித்து மாட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல வண்டியை நான் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பிறந்த கார் இது. வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலொட்டி. பணமுடையில் இருந்த ட்ரையம்ஃப் கம்பெனியை 1961இல் லேலண்ட் நிறுவனம் வாங்கியபோது, தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்த இதன் முன்மாதிரி வண்டி கண்ணில் பட்டு உற்பத்திக்கு வந்தது. 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. அடித்தளம் ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கிச் செய்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி ‘ஸ்டாண்டர்டு ஹெரால்ட்’ என்று செய்தது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய அந்தக் குடும்பக் காரும் ஸ்பிட்ஃபயரும் பங்காளிகள்.

வாங்கியவுடன் பலர் பெயின்ட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். பெயின்ட் கடைசி. முதலில் பார்க்க வேண்டியது டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று கம்பெனியின் கையேடே சொல்கிறது. எத்தனையோ பட்டறைகளில் பழக்கதோஷத்தால் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் உள்ளே இறுகிவிடும், தண்ணீர் தேங்கும், எஃகு அரித்து மரையடியில் விரிசல் விடும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கும். ஆயில் விடுவது, சில நிமிடமும் ஓர் ஆயில் கன்னும் போதுமான வேலை. இதைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

அடுத்தது துரு. சேஸி தனி என்பதால் பாடி அரித்தாலும் பாதகமில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அது ஆபத்தான நினைப்பு. ஹெரால்டின் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் இதில் கிடையாது. கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் ‘சில்’ தகடுகள்தான் அந்தக் கைகள் தாங்க வேண்டிய பாரத்தைச் சுமக்கின்றன. பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள்கூட பாடியில்தான் மாட்டியிருக்கின்றன. ஆகவே காந்தத்தை எடுத்துக்கொண்டு சில் நெடுக வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பட்டி. வெட்டி மாற்றுவதாக இருந்தால் பாடி சேஸி மேலேயே இருக்கட்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியை வெல்டு செய்துகொண்டு ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அதன்பின் கதவுகள் ஒழுங்காக மூடவே மூடாது.

எஞ்சினில் ஒரே ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அது கழன்று ஆயில் சம்பில் விழுந்தால், சுழலும் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே தின்றுவிடும். எஞ்சினைக் கீழே இறக்காமலே சம்பைக் கழற்றி அந்த வாஷரை மாற்றலாம்.

இந்த வேலைகளைச் சாதாரண மனிதனும் செய்யலாம் என்ற துணிவை ஒரு தலைமுறைக்கே தந்தவர் ஜான் ஹெய்ன்ஸ். 1938இல் இலங்கையில், தேயிலைத் தோட்ட நிர்வாகியின் மகனாகப் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டை, அதுவும் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார்தான், முழுக்கப் பிரித்து மாட்டினார். கம்பெனிப் புத்தகம் தேர்ந்த மெக்கானிக்குக்கு எழுதப்பட்டது. வீட்டில் வேலை பார்ப்பவருக்கு உதவவில்லை. ஒவ்வொரு படியையும் படம் பிடித்து 1966இல் அவர் புத்தகமாக்கியபோது 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. வண்டியைப் பிரித்து மாட்டிப் பார்த்தே எழுதுவது என்பது அவருடைய பதிப்பகத்தின் வழக்கமாயிற்று. அவர் செய்ததையே நீங்களும் செய்யுங்கள்: ஒவ்வொரு நட்டைக் கழற்றும் முன்னும் செல்போனில் ஒரு படம், கழற்றியதைப் பெயர் எழுதிய டப்பாவில். புதுப் பாகத்தை மாட்டி ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகும்வரை பழையதை எறியாதீர்கள். இன்று விற்கிற ரப்பர் பாகங்களில் பழையதைவிட மட்டமானவையும் உண்டு.

பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அந்தச் சலுகையை நம்பிச் சும்மா இருப்பது தவறு. மற்றவர் பார்க்காததை உரிமையாளரே பார்த்தாக வேண்டும்.

நம் ஊரில் பழைய ஹெரால்டைக் கொட்டகையில் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காயலான் கடைக்குத் தள்ளும் முன் ஒருமுறை ஜாக்கி வைத்துத் தூக்கி டிரன்னியனைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயருக்காக பிரிட்டனில் இன்றும் செய்து விற்கப்படும் முன்சக்கரத் தாங்கல் பாகங்கள் பல, ஹெரால்டுக்கும் சேரும்.